முப்பது இஞ்சுக் குழல்

"வெட்டினாத்தான் உருப்படும் அண்ணே, நான் சொல்லுகத கொஞ்சம்..."

"எனக்க தோக்கில எவனாவது அறுப்புவாளை வச்சா..."

"அஞ்சு இஞ்சு. அஞ்சே இஞ்சு. அதுக்குமேல ஒரு நூலு..."

"அஞ்சு இஞ்சா? ஒனக்க மூக்கில வெட்டுலே அஞ்சு இஞ்சு. வெட்டினாலும் மிச்சம் கிடக்கும்."

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேசபாய்க்கு இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கேட்டது. துப்பாக்கிக் குழலை வெட்டச் சொல்கிறவன் கொழுந்தன் ரசலையன். துரையின் கார் ஓட்டுகிறவன். வெட்ட விடமாட்டேன் என்கிறவன் அவள் வீட்டுக்காரன் ஞானையன். கீரிப்பாறைக்கு மேலே இருந்த அந்த மலைத்தோட்டத்துக்கு அவன் வேட்டைக்காரன். சனிக்கிழமைதோறும் துரையின் பங்களாவில் விருந்து நடக்கும். விருந்துக்கு முந்தி காட்டுக்கோழியோ பச்சைப்புறாவோ சுட்டுக் கொண்டுபோய்ப் பங்களாவின் பின்பக்கத்துக் கம்பியில் தொங்கவிட வேண்டும். அந்த வேலை இருப்பதால் இந்த வீடு. வீட்டைச் சுற்றி மரச்சீனிக் கிழங்கு நடுவதற்கு விட்டுக்கொடுத்த இடமும் அதனால்தான். ஒரே மகள் கிளாரா நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் தங்கிப் படிப்பதும் அந்தக் கம்பியை நம்பித்தான்.

ரசலையன் விடுவதாக இல்லை. புது துரையின் துப்பாக்கிக்குக் குழல் இருபத்தைந்து இஞ்சுதான் என்றான். திருவனந்தபுரத்திலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, வாங்கினால் இனி இதுபோலத்தான் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றான். புது துரை ஆள் குள்ளம், குள்ளனுக்குக் குட்டைத் தோக்கு, உயரமானவனுக்கு நெட்டைத் தோக்கு என்று ஞானையன் சொல்லிப் பார்த்தான். அதற்கு ரசலையன் ஒரே கேள்விதான் கேட்டான்.

"போன சனிக்கிழம கம்பியில எத்தன கோழி தொங்கிச்சு?"

ஒன்றும் தொங்கவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். அதற்கு முந்தின சனிக்கிழமை ஒரே ஒரு சின்னப் புறா. சமையல்காரன் அதைப் பார்த்து, இதை வேகவைக்கவா, தாலாட்டவா என்று கேட்டானாம்.

நேசபாய் கருப்பட்டிக் காப்பியை இரண்டு போணியில் ஊற்றி எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஞானையன் இடது கையை நீட்டி வாங்கினான். அப்போதுதான் அவள் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரமாக நெல்லிக்காய் பருமனில் ஒரு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று உடைந்து தோல் உரிந்து கிடந்தது.

"இது எப்பம் வந்தது?" என்று கேட்டாள்.

"எது?" என்றான் ஞானையன்.

அவள் விரலால் காட்டினாள். அவன் கையைத் திருப்பி, அடுத்த வீட்டுக்காரனின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அன்று காலையில் ஒரு கோழியைத் துரத்தித் துரத்தி ஏழெட்டுத் தோட்டா போட்டிருந்தான். குழல் பழுத்திருக்கும். அதைப் பிடித்த கை வெந்திருக்கிறது. வெந்தது கைக்காரனுக்குத் தெரியவில்லை.

ரசலையன் துள்ளி எழுந்தான். "பாத்தியா, இதுதானாக்கும் நான் சொல்லுகது. நீளத் தோக்குன்னா கை மரக்கட்டையைத் தாண்டிப்போய் வெறும் இரும்பைப் பிடிக்கணும். குட்டைன்னா கட்டையோட நிக்கலாம். சூடே தெரியாது" என்றான்.

ஞானையன் கொப்புளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சண்டை போட்ட குரலே இல்லாமல், "குழல் சூடுதான். வேற என்ன?" என்றான்.

நேசபாய் காலிப் போணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். துருவிய தேங்காய் அப்படியே கிடந்தது. அதை எதற்காகத் துருவினோம் என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது.

அந்தத் துப்பாக்கி பழைய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்து நாலு, பெருவெள்ளம் வந்த வருஷம். இருபது போர் என்பார்கள், குழல் வாயின் அளவு அது. எல்லாரும் வைத்திருக்கிற பன்னிரண்டு போருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு சுற்று மெலிந்தது, தோட்டாவும் சின்னது. ஆனால் ஒட்டிப்பிறந்த இரண்டு குழலும் முப்பது இஞ்சு. மெலிந்த உடம்பும் நீண்ட கழுத்துமாக அதை நிறுத்திவைத்தால் கொக்கு நிற்கிறதுபோல இருக்கும். அந்தக் காலத்தில் நீளத்துக்குத்தான் மதிப்பு. குழல் நீண்டால் தோட்டாவுக்குள் இருக்கிற ரவை தூரம் போகும் என்று துரைமார் எல்லாரும் நம்பினார்கள். புகை கக்கும் பழைய வெடிமருந்து மெதுவாக எரியும், அது எரிந்து முடிய நீளம் வேண்டும் என்று காரணமும் சொன்னார்கள். இதை முட்டத்துக் கடலுக்குக் கொண்டுபோய்த் தூண்டில் கட்டினால் மீனாவது கிடைக்கும் என்று ஒரு விருந்தாளி சிரித்ததற்கு, குறி பார்க்கிற கண் நடந்து போவதற்கு ஒரு பாதை வேண்டாமா என்று பழைய துரை கேட்டாராம். அவர்தான் ஞானையனுக்குப் பிடிக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார். இடது கையை முழுக்க நீட்டி, கட்டையைத் தாண்டி, குழலையே பிடிக்க வேண்டும். சுடுகிற அன்றைக்கெல்லாம் இடது உள்ளங்கை சிவந்து வரும். ஆரம்பத்தில் அவன் வீட்டுக்கு வந்ததும் பானைத் தண்ணீரில் கையை விட்டு "அம்மோ" என்பான். குடிக்கிற தண்ணீர் என்று நேசபாய் ஏசுவாள். அந்த "அம்மோ" எப்போது நின்றது என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை.

நடுவில் ஒன்றிரண்டு பேர் வந்து போன பிறகு, முப்பத்தொன்றில் புது துரை வந்தார். அதற்குள் நாடு மாறியிருந்தது. முதலில் இருபத்தெட்டு இஞ்சு போதும் என்றார்கள். பிறகு இருபத்தைந்து. புது மருந்து சட்டென்று எரிந்துவிடும், நீளமெல்லாம் வெறும் சுமை, காட்டுப் பாதையில் குட்டைத் துப்பாக்கிதான் பறவையோடு சேர்ந்து திரும்பும் என்றார்கள். முப்பது இஞ்சு வைத்திருந்தவர்கள் இது என் தகப்பனாருடையது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்ல ஆரம்பித்தார்கள். காருக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்ட ரசலையன், பாதி புரிந்ததை முழுசாக்கி வந்து அண்ணனிடம் சொல்வான்.

நேசபாய்க்குக் குழலைப்பற்றித் தெரியாது. கையைப்பற்றித் தெரியும். அவள் பிறந்தது நெய்யூர்ப் பக்கம். தாய்மாமன் ஒருவர் பனையேறி. ஒருநாள் பதநீர் காய்ச்சிய கூப்பனிப் பாகைச் சிரட்டையில் ஊற்றும்போது கொதிக்கக் கொதிக்க அவர் விரலில் வழிந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்தான் அலறினார்கள். அடுத்த வருஷம் அவரைப் பெருவியாதி என்கிற குஷ்டம் வந்தவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த வீட்டில் கொண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக் கிணற்றில் வேறு யாரும் வாளி இறக்கவில்லை. அவருடைய தங்கைகளைப் பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. இங்கே தோட்டத்திலும் அப்படித்தான். கொழுந்து கிள்ளும் ஒருத்திக்குக் காதுமடல் தடித்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே மூட்டையைத் தலையில் வைத்து இறக்கி விட்டார்கள். அவள் புருஷன் கூடவே இறங்கிப் போனான். அவர்கள் இருந்த வீட்டின் ஓலையைப் பிரித்து எரித்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஞானையன் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்து தூங்கியபோது நேசபாய் ஒரு நாரத்தை முள்ளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இடது கையின் சுண்டுவிரலில் குத்தினாள். அவன் மூச்சு மாறவில்லை. அடுத்த விரலில் குத்தினாள். சின்னதாக ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அப்போதும் மூச்சு மாறவில்லை. பெருவிரலில் குத்தினாள். எறும்பு என்று கையை உதறிவிட்டுத் திரும்பிப் படுத்தான். அவள் முள்ளை அடுப்பில் போட்டு எரித்தாள்.

சாயங்காலம், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை ஒருதடவை காட்டிவிட்டு வரலாமா என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். முகத்தைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"கைக்கு என்னட்டி? தோக்குக்குத்தான் சீக்கு. அதுக்க ஆஸ்பத்திரி கோட்டாத்தில இருக்கு. நாளைக்கு ரசலுகூடப் போறேன்."

அவள் நிமிர்ந்தாள். அவன் சிரித்த முகமாகத்தான் இருந்தான். ஆனால் இடது கையை வேட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். அவனுக்கும் தெரியும் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் வாய் திறந்து சொல்லிவிட்டால் மற்றவர் கேட்டதாக ஆகிவிடும். பிறகு மூட்டை கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அவள் மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

கோட்டாற்றில் பூட்டும் தராசும் செய்கிற பொன்னுலிங்கம் ஆசாரியின் பட்டறையில் வைத்துக் குழலை அறுத்தார்கள். ரசலையன் அஞ்சு இஞ்சு என்றானாம். ஞானையன் மனசு வராமல் ரெண்டு போதும் என்றானாம். அறுத்த இடத்தில் இரண்டு குழலுக்கும் நடுவில் தெரிந்த பொந்தை ஈயம் ஊற்றி அடைத்து, குறி பார்க்கும் பொட்டைப் புதிதாக வைத்துக் கொடுத்தார் ஆசாரி. வெட்டிய துண்டை ஞானையன் வேட்டி மடியில் கொண்டுவந்தான். ஒட்டிய இரண்டு வளையம். அதைக் கண்ணில் வைத்து மூக்குக்கண்ணாடிபோலப் பிடித்துக்கொண்டு, "உபதேசியார் பார்க்காரு. ஏட்டி நேசம், ஞாயிற்றுக்கிழம ஆராதனைக்கு ஏன் பிந்தி வந்தே?" என்றான். நேசபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் அந்த வளையத்தை வாங்கி அடுக்களையில் உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. முனைக்கனம் குறைந்ததால் கை அதை ஓரளவு தாங்கியது. சனிக்கிழமைகளில் கம்பியில் இரண்டும் மூன்றும் தொங்கின. ரசலையன் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து இரண்டாவது போணி காப்பி கேட்டு வாங்கிக் குடித்தான். மிச்சம் மூணையும் வெட்டியிருந்தா மயில்கூட விழும் என்றான். நேசபாயும் நம்பிப் பார்த்தாள். நீளம்தான் காரணமோ என்னவோ, ஊசி முள்ளுக்குத் தூக்கத்தில் அசையாதவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மழை முடிந்து வெயில் தெளிந்தபோது அவனுடைய சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கிக்கொண்டன. நிமிர்த்தினால் நிமிரும், விட்டால் மடங்கும். போணியைப் பிடிக்கும்போது அந்த இரண்டு விரலும் தனியாகச் சுருண்டு நிற்கும். நேசபாய் தக்கலைச் சந்தைக்குப் போகிற ஒருத்தியிடம் சொல்லி பெருவியாதிக்காரர்கள் பூசுகிற நீரடிமுத்து எண்ணெய் வாங்கினாள். வாதத்துக்கு என்று சொல்லி முழங்கையிலிருந்து விரல்வரை தேய்த்துவிட்டாள். எண்ணெயின் நாற்றம் வீட்டைவிட்டுப் போகவில்லை. தேய்க்கும்போது அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான்.

கம்பி மறுபடியும் காலியானது. மிச்சம் மூன்று இஞ்சையும் எடுத்துவிட வேண்டும் என்று ஞானையன் தானாகவே சொன்னான். இந்தத் தடவை சண்டை தலைகீழாக நடந்தது. வேண்டாம் என்றவன் ரசலையன்.

துரையிடம் பேச்சுவாக்கில் சொன்னானாம். துரை கண்ணீர் வரச் சிரித்தாராம். குழலின் வாய் நுனியில் ஒரு மயிரிழை அளவு குறுகி வரும், அந்தக் குறுக்கம்தான் ரவையைச் சிதறாமல் சேர்த்து அனுப்பும், நீங்கள் அறுத்துப் போட்டது அதைத்தான் என்றாராம். அவருடைய துப்பாக்கி செய்யும்போதே இருபத்தைந்து, வாய் வாயாகவே இருக்கிறது. இது முப்பதாகப் பிறந்து மூளியானது.

"வாயை அறுத்தாச்சு அண்ணே. இனி கழுத்தையும் அறுக்காண்டாம். சொன்னது நான்தான், இல்லேங்கல. அறியாமச் சொல்லிட்டேன். இப்பம் அறிஞ்சு சொல்லுகேன். விட்டிரு."

"வாய் போனா போட்டு. எனக்குக் கனம் குறையணும்."

"கனமா? ரெண்டு பலாச்சக்கையைத் தலையில வச்சு மலையேறினவனுக்கு மூணு இஞ்சு இரும்பு கனமா? கையைக் காட்டு பாப்போம்."

ஞானையன் காட்டவில்லை. ரசலையன் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். நேசபாய் அடுக்களையிலிருந்து வேகமாக வந்து, "வாதமாக்கும் ரசலு. எண்ணெ போடுகேன்" என்றாள்.

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம். பிடித்த மணிக்கட்டிலிருந்து ரசலையனின் கையிலும் எண்ணெய் ஒட்டியிருந்தது. அவன் அதை மூக்குக்குக் கொண்டுபோனான். அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு கையை முதலில் வேட்டியில் துடைத்தான், அது போதாமல் மண்ணில் தேய்த்தான். அவள் கொண்டுவைத்த காப்பி முற்றத்திலேயே ஆறியது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். துரையின் காருக்குள் இருக்கிற அவனுக்கும் சொன்னால் ஆபத்துதான், ஆனால் அதற்காக மட்டும் சொல்லாமல் இருந்தான் என்று நினைக்க நேசபாய்க்கு மனசு வரவில்லை. மறுநாள், அண்ணனுக்குக் கனம் குறையட்டும் என்று, அவனே துப்பாக்கியைப் பழைய சாக்கில் சுற்றி, தொடாமல் கயிற்றில் தூக்கிக்கொண்டு கோட்டாற்றுக்குப் போய் அறுத்து வந்தான். அதற்குப் பிறகு வந்தால் மரச்சீனி வரிசைக்கு அப்பால் நின்றே பேசுவான். வெயிலில் நிற்கிறானே என்று ஞானையன் கூப்பிட்டால், கார் சாவி கையில் இருக்கு அண்ணே, உடனே போணும் என்பான். உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு துண்டுகள் இருந்தன.

குட்டையாகி வந்த துப்பாக்கியை ஓலைப்பாய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டுப் பார்த்தார்கள். கோழி பறக்கிற தூரத்திலிருந்து சுட்டபோது பாய் முழுக்கப் பொட்டுப் பொட்டாக விழுந்தது, நடுவில் ஒரு கோழி பத்திரமாக நின்றிருக்கலாம். கிட்டப் போய்ச் சுட்டால் மட்டும்தான் ரவை சேர்ந்து நின்றது. அப்படியானால் பறவைக்கு மிகவும் கிட்டே போக வேண்டும். போனபிறகு துப்பாக்கியை அசையாமல் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்கிற கைதான் இல்லை. கனம் குறைந்தும் இடது கை அதை இரண்டு மூச்சுக்குமேல் தாங்கவில்லை. மரக்கிளையில் வைத்துப் பார்த்தான். கிளை இருக்கிற இடத்தில் பறவை வரவில்லை.

துரையின் சமையல்காரன் வேறொரு வேட்டைக்காரனைப்பற்றிப் பேசுகிறான் என்று மரச்சீனி வரிசைக்கு அப்பாலிருந்து ரசலையன் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை காலையில் நேசபாய் விறகுக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஞானையனுக்குப் பின்னால் நடந்தாள்.

அத்திமரத்துக்குக் கிட்டே போனதும் அவள் அவனுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். தோர்த்துத் துண்டை நாலாக மடித்து இடது தோளில் போட்டாள். தோளைத் தட்டிக் காட்டினாள். அவன் அவள் பின்னால் குந்தி, குழலை அந்தத் தோளில் சாய்த்தான். வெடித்தபோது பக்கத்தில் இடி இறங்கியதுபோல இருந்தது. கன்னத்தில் சூடாக ஒரு அறை விழுந்தது. கண் திறந்தபோது இரண்டு புறா கீழே கிடந்தன. அவன் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று இடது பக்கம் கேட்கவில்லை.

அதன்பிறகு அதுதான் வழக்கம். தோட்டத்துப் பெண்கள் நேசபாய்க்குப் புருஷனைவிட்டு ஒருநாள்கூட இருக்க முடியவில்லை என்று கேலி செய்தார்கள். அவளும் ஆமாம் என்று சிரித்தாள். சுட்டுச் சுட்டுக் குழல் பழுக்கும்போது தோர்த்தைத் தாண்டி அந்தச் சூடு அவள் தோளில் இறங்கும். அவன் கைக்குத் தெரியாமல் போன சூடு அது. வீட்டுக்கு வந்து சட்டையை இறக்கிப் பார்த்தால் தோல் கருகியிருக்கும். அதற்கு அவள் வெண்ணெய் தடவிக்கொள்வாள். சூட்டைத் தாங்கலாம். காதுதான் தாங்கவில்லை. குழல் முப்பது இஞ்சாக இருந்தபோது இப்படி உட்கார்ந்திருந்தால் வாய் அவளுக்கு இன்னும் அஞ்சு இஞ்சு முன்னால் இருந்திருக்கும். இப்போது வெட்டின வாய் முகத்துக்குப் பக்கத்திலேயே வெடித்தது. இடது காதுக்குள் ஒரு சில்வண்டு குடிபுகுந்தது. முதலில் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போனது. பிறகு போகவில்லை. சபையில் பாட்டுப் பாடும்போது ஆண்கள் பக்கத்துக் குரல் மட்டும் கேட்டது. பெண்கள் பக்கம் வாய்கள் வெறுமனே திறந்து மூடின. விடுமுறைக்கு வந்த கிளாரா, இடது பக்கம் படுத்துக்கொண்டு ஏதோ ரகசியம் சொல்லிவிட்டு, அம்மை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாள். நேசபாய் அவளைத் தூக்கி வலது பக்கம் போட்டுக்கொண்டு, அம்மைக்கு அது பிடிக்கல மக்கா, வேற சொல்லு என்றாள்.

காது போகிறது என்று ஞானையனிடம் சொல்லலாம். சொன்னால், இனி வராதே என்பான். வராவிட்டால் கம்பி காலி. கம்பி காலியானால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கையைப் பார்ப்பார்கள். இந்த வட்டத்துக்குள்ளேயே அவள் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் மூட்டையும் எரிகிற ஓலையும்தான் நின்றன.

தை மாதத்தில் துரைக்குப் பெரிய விருந்து. ஊருக்குப் போகிற வேறொரு தோட்டத்து துரைக்கு வழியனுப்பு. பத்துப் பறவையாவது வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று அத்தி பழுத்துக் கிடந்தது. புறாக்கள் இலைபோல மரத்தை மூடியிருந்தன. கிட்டே போய் உட்கார்ந்து ஞானையன் இரண்டு குழலையும் காலி செய்தான், மறுபடியும் மறுபடியும் போட்டுக் காலி செய்தான். ஒவ்வொரு வெடிக்கும் நேசபாய் பல்லைக் கடித்துக்கொண்டு கல்போல இருந்தாள். தோள் அசைந்தால் குறி போய்விடும். கடைசி வெடியில் காதுக்குள் என்னவோ அறுந்ததுபோல இருந்தது. ஈரமாக ஒன்று கழுத்தில் இறங்கியது. விரலால் தொட்டாள். தோர்த்தின் நுனியால் துடைத்து, அந்த நுனியை உள்ளே மடித்துக்கொண்டாள்.

மரத்தடி முழுக்கப் புறா. ஞானையன் ஓடியோடிப் பொறுக்கினான். பொறுக்கும்போது அவன் இளைஞனாக இருந்தான். வலது கையில் எல்லாவற்றையும் கோத்துத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் உட்கார்ந்திருந்த பாறையில் வலது பக்கமாக வந்து அமர்ந்தான். இந்தக் குவியலைக் கம்பியில் பார்த்தால் சமையல்காரன் இனி வாயைத் திறக்க மாட்டான் என்றான். ரசலையன் பார்க்கட்டும் என்றான். கிளாராவுக்கு இந்த வருஷம் பட்டுப்பாவாடை எடுக்கலாம் என்றான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவன் இப்படிப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

பிறகு அவன் துப்பாக்கியை மடியில் கிடத்தினான். சுருண்ட இடது கையை அதன்மேல் போட்டுவைத்தான், சூடு இன்னும் அடங்காத குழலின் மேலேயே. அந்தக் கை அங்கே வேகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்பதற்கு ஒரு பேச்சு வேண்டும். அதற்குள் அவன் வலது கையின் இரண்டு விரலைக் குழலின் வாயோடு சேர்த்து வைத்து, அளந்து, அவள் மடித்துப் போட்டிருந்த தோர்த்தையும் அதன் கீழே இருந்த தோளையும் பார்த்தான். கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்த மாதிரி அவ்வளவு அன்பாகப் பார்த்தான்.

"ஏட்டி நேசம், இன்னும் ரெண்டு இஞ்சு எடுத்துப்போட்டா ஒனக்க தோளுக்கும் நோவு குறையும்லா?"